ரப்பருக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ

அன்றைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அந்த அறையில் இருந்தவர்கள் பதிமூன்றரைப் பேர் அம்மிணி. தலைவர் அம்மா ஒருவர். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு உறுப்பினர், அந்தப் பக்கம் ஒரு உறுப்பினர், ஆக மூன்று. கட்டு எடுத்துக் கொடுக்கிற கிளார்க் நான்கு. டைப் அடிக்கிற பெண் ஐந்து. பெயர் கூப்பிடுகிற டவாலி ஆறு. கம்பெனி வக்கீல் ஏழு, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஜூனியர் வக்கீல் எட்டு. சர்வீஸ் சென்டர் மேனேஜர் நிவேதன் ஒன்பது. மெஷினைப் பார்த்துச் சொல்வதற்காகக் கூப்பிட்டிருந்த பாலிடெக்னிக் வாத்தியார் சகாயராஜ் பத்து. அடுத்த கேஸுக்காக ஒரு கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பதினொன்று. என் மகள் தமயந்தி பன்னிரண்டு. நான் பதிமூன்று. டீ கொண்டுவந்தவர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று பார்த்தார். அவரை அரை என்று போட்டுக்கொண்டேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் சுத்தமாகப் பேசமாட்டேன். நீங்கள் அந்த லேப்டாப் பையைக் காலடியில் வைத்திருந்தீர்கள், டிரைவர் போடுகிற பிரேக்குக்கு அது மூன்று தடவை நகர்ந்தது. அதனால்தான் சொன்னேன், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று. சரி, வைத்துக்கொண்டீர்கள். மேம்பால வேலை நடக்கிறது, பஸ் இப்போதைக்கு நகராது. உங்களிடம் ஒரு சின்ன உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில் விஷயம் தெரிந்தால்தான் நீங்கள் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

என் பெயர் ஆறுக்குட்டி. கணபதிப் பக்கம் வீடு. ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு. ஸ்க்ரூ, வாஷர், நட்டு, போல்டு எல்லாம் என் கையால்தான் வெளியே போகும். ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்து எண்ணினால் அது கணக்கில் சேராது. கையில் எடுத்து, குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒன்று வீதம் போட்டு, அப்புறம்தான் எழுத வேண்டும். முப்பத்தாறு வருஷம் அப்படிச் செய்தவனுக்கு வேறு மாதிரி எண்ண வராது.

தமயந்தி எனக்கு ஒரே மகள். தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தேன், சரிப்படவில்லை, வந்துவிட்டாள். அவள் மாமியார் நாங்கள் போன ஆட்டோவின் பின்னாலேயே வந்து, மூன்று மாதத்தில் தானாகத் திரும்பி வருவாள் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். மூன்று மாதத்தில் இவள் ஒரு வேலை தேடிக்கொண்டாள். டாக்டர்கள் பேசி அனுப்புவதை வீட்டில் இருந்தே காதில் கேட்டு டைப் அடித்து அனுப்புகிற வேலை. அதற்கு இந்த மாதிரி லேப்டாப் மெஷின் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். வளையலை விற்று வாங்கினாள்.

வாங்கி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. மெஷின் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன் என்று கோனியம்மன் கோவிலுக்குப் போனாள். நான் மெஷினைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். ஒன்பது ஸ்க்ரூ கண்ணில் பட்டது. ஒன்பது என்பது ஒரு கம்பெனி வைக்கிற கணக்கு இல்லை அம்மிணி. ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. நகத்தால் லேசாகத் தூக்கினேன், அடியில் இரண்டு, குட்டை. ஆக பதினொன்று.

நான் ஓய்வு பெறும்போது கொடுத்த குட்டி ஸ்க்ரூ டிரைவர் செட் இருந்தது. பதினொன்றையும் கழற்றி, பணியாரச் சட்டியில் குழிக்கு ஒன்றாகப் போட்டேன். பன்னிரண்டு குழி. ஒரு குழி காலி. எது எந்த ஓட்டையில் இருந்ததோ அது அந்த ஓட்டைக்கே திரும்பப் போனது. ரப்பரையும் அழுத்தி ஒட்டிவிட்டேன். மூடியைத் தூக்கவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது ஸ்டோர்ஸ் வேலை இல்லை, அது அசெம்பிளிக்காரன் வேலை. தினக் காலண்டர் தாளில் எழுதினேன்: லேப்டாப், 11, சரி. அவள் வந்து மெஷினுக்குக் குங்குமம் வைத்தாள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பானேன் என்று நான் சொல்லவில்லை.

நாலாவது மாதம் சார்ஜ் ஏறுவது நின்றது. மெஷின் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு இரண்டு பேரும் போனோம். அந்த நிவேதன் ஒரு சீட்டில் டிக் அடித்துக் கொடுத்தான். வெளியே சேதம் இல்லை, திறந்த அடையாளம் இல்லை, வாரண்டி உண்டு. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. என் கை பட்ட வேலை அப்படி.

பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். சார்ஜ் ஏறுகிற போர்டை மாற்றிவிட்டோம் என்றார்கள். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் எண்ணினேன். வெளியே ஒன்பது. ரப்பருக்கு அடியில் ஒன்று. பணியாரச் சட்டியில் இரண்டு குழி காலி.

ஸ்டோர்ஸில் ஒரு ஸ்க்ரூ குறைந்தால் அதற்கு ஒரே காரணம்தான். யாரோ வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். முப்பத்தாறு வருஷத்தில் வேறு காரணம் நான் பார்த்ததில்லை. காலண்டரில் எழுதினேன்: 10, ஒன்று குறைவு, திருட்டு. யார் என்று தெரியாமல் பேரைச் சொல்லக் கூடாது, அது பாவம். அதனால் தமயந்தியிடம் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போய் அந்தச் சர்வீஸ் சென்டர் எதிரில் இருக்கிற பழக்கடை நிழலில் நின்று, சாயங்காலம் வெளியே வருகிறவர்களைப் பார்த்தேன். நாலு பேர். மூன்று நாள் பார்த்தேன். அதில் கண்ணாடி போட்டவன் பார்வை சரியில்லை.

ஆறாம் நாள் மெஷினிலிருந்து கருகல் வாசம் வந்தது, அணைந்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோனோம். நிவேதன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, ரப்பரை யாரோ தூக்கியிருக்கிறார்கள், வாடிக்கையாளர் திறந்தால் வாரண்டி போயிற்று, மதர் போர்டு மாற்ற வேண்டும், மெஷின் விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றான். எங்கள் வீட்டில் யாரும் திறக்கவில்லை என்றாள் தமயந்தி. அப்படியானால் பேய் திறந்ததா மேடம் என்று கேட்டான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தேதி கிழிக்காமல் நாலு நாள் பின்னால் இருந்தது. அந்தக் கடையின் லட்சணம் அதுதான்.

திறக்கவில்லை என்பது உண்மைதானே. நான் கழற்றினேன், எண்ணினேன், மாட்டினேன். திறக்கவில்லை.

எழுத்தில் கொடு என்றாள் தமயந்தி. கொடுக்கமாட்டேன் என்றான். கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டாள், பதினேழு. பதில் பதினேழும் ஒரே மாதிரி, தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. கடைசியில் அவளே மனு எழுதி நுகர்வோர் ஆணையத்தில் போட்டாள். வக்கீல் வைக்கவில்லை. வைக்க வேண்டியதில்லையாம், நம் கேஸை நாமே பேசலாமாம். மனுவோடு ஒரு சத்திய வாக்குமூலமும் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எவரும் அந்த மெஷினைத் திறக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி. நான்தான் அதைக் கவரில் போட்டு ஒட்டினேன்.

ஏழு மாதம் நடந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். பக்கத்து மெஷினில் ரிசல்ட் பார்க்கிறவர்கள் சத்தத்துக்கு நடுவில் டாக்டர் பேச்சு என்ன காதில் விழும்? இருதயம் என்று இருக்க வேண்டிய இடத்தில் இரைப்பை விழுந்தது. ஆபீஸில் சொல்லிவிட்டார்கள், மார்ச் முடிவதற்குள் சொந்த மெஷின் இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று. அது எப்படியோ தாராபுரம் வரைக்கும் போய், மாமியார் போன் போட்டார். வேலை போகப்போகிறதாமே, துணிமணியெல்லாம் எடுத்து வைத்திருக்கிறாளா என்று என்னைக் கேட்டார். நான் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தமயந்தி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பதிமூன்றரைப் பேர் இருந்த நாள் மார்ச் பதினொன்று.

கம்பெனி வக்கீல் நல்ல உயரம். பேசும்போது இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார், எதற்கென்று தெரியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: ரப்பரைத் தூக்கிய அடையாளம் இருக்கிறது. அந்த அம்மாவோ யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். அது பொய்ச் சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவருக்கு நிவாரணம் கிடையாது. வாத்தியாரை வைத்து மெஷினைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

தலைவர் அம்மா தமயந்தியைப் பார்த்து, நிதானமாகத்தான் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லும்மா. வீட்ல யாராவது தெரியாம கை வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்க மேடம். எங்க வீட்ல நானும் அப்பாவும்தான். அவரு யாரு பொருளையும் தொடவே மாட்டாரு."

அவள் அதைச் சொன்னதும் வக்கீல் சிரித்தார். வக்கீல் சிரித்ததும் நிவேதன் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏழு மாதமாக இருந்த ஆத்திரம் எழும்பிவிட்டது. திருடனுக்குத் துணை நிற்கிறவன் சிரிக்கிறான் பாருங்கள். நான் கூட்டத்தில் எழுந்து பேசியதே இல்லை. கம்பெனியில் எனக்கு மாலை போட்டபோதுகூட வணக்கம் மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு எழுந்துவிட்டேன். வேட்டி ஒரு பக்கம் நாற்காலியில் மாட்டிக்கொண்டது, அப்படியே நின்றேன்.

"அம்மா, இவங்க ஒரு ஸ்க்ரூவைத் திருடிட்டாங்கம்மா."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. கிரைண்டர்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும். உறுப்பினர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தமயந்தி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

தலைவர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எந்த ஸ்க்ரூ என்று கேட்டார். ரப்பருக்கு அடியில் இரண்டு இருந்தது, குட்டை, அதில் ஒன்று என்றேன். இரண்டு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

வக்கீல் துள்ளி எழுந்தார். இதோ ஒப்புக்கொண்டுவிட்டார், இவர்தான் திறந்தவர், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். தமயந்தியின் கை என் வேட்டியிலிருந்து விழுந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை, கணக்கு ஒப்பிக்க வேண்டியிருந்தது. வாங்கிய மறுநாள் பதினொன்று என்றேன். ரிப்பேர் ஆகி வந்த மறுநாள் பத்து என்றேன். சட்டைப்பையில் வைத்திருந்த காலண்டர் தாள் இரண்டையும் டவாலியிடம் கொடுத்தேன். அறுபத்தெட்டு வயதில் நான் எழுதிய எழுத்தை நாலு பேர் கைமாற்றிப் படித்தார்கள்.

"மூடியத் தூக்குனீங்களா?"

"இல்லீங்கம்மா. உள்ள இருக்கறது என் கணக்குல வராது."

தலைவர் அம்மா முதல் சீட்டை எடுத்து, அதில் இருந்த டிக்கைக் காட்டி, நிவேதனிடம் கேட்டார். பெரியவர் கழற்றி மாட்டிய பிறகுதானே இது உங்கள் கைக்கு வந்தது, அப்போது திறந்த அடையாளம் இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் ஜூனியரைப் பார்த்தார். ஜூனியருக்குப் பார்க்க ஆள் இல்லை, பையைப் பார்த்தார்.

திறங்கள் என்றார் தலைவர் அம்மா.

சகாயராஜ் வாத்தியார் மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றினார். குழித்தட்டு இல்லாமல் சும்மா குவித்து வைத்தார். படித்தவர், என்ன சொல்ல? பத்து. மூடியைத் தூக்கினார். உள்ளே புதிதாகப் போட்ட குட்டிப் போர்டு. அதன் விளிம்பையும் பக்கத்துப் பெரிய போர்டையும் சேர்த்து ஒரு சர்வீஸ் சென்டர் சீட்டு, தேதியோடு, நிவேதன் கையெழுத்தோடு, ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது. வாத்தியார் எல்லோருக்கும் காட்டிவிட்டு, சீட்டைக் கிழித்து, போர்டைத் தூக்கினார். அடியில் ஒரு ஸ்க்ரூ. குட்டை. முனை கருகியிருந்தது. அது சாய்ந்து கிடந்த இடத்தில் பெரிய போர்டில் மிளகு அளவுக்குக் கறுப்பு.

வாத்தியார் அதை இடுக்கியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். சீட்டு ஒட்டியவர்கள்தான் இதை உள்ளே விட்டு மூடியிருக்கிறார்கள், இது பட்டுத்தான் கருகியிருக்கிறது என்றார். வாசலில் இருந்தவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அப்போதும் ஒரு கால் வெளியேதான்.

வக்கீல் வாய்தா கேட்டார். எதற்கு என்று கேட்டார் தலைவர் அம்மா. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் தீர்ப்பு. அதே ரகத்தில் புது மெஷின் கொடுக்க வேண்டும், மன உளைச்சலுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். மார்ச் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மெஷின் வீட்டுக்கு வந்தது. வேலை போகாமல் தப்பியது. மாமியாரிடமிருந்து அப்புறம் போன் இல்லை.

எல்லோரும் ஜெயித்தோம் என்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை உண்டு அம்மிணி. ஒன்பது பக்கம். திருட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அலட்சியம் என்று எழுதியிருக்கிறார்கள். நான் திருட்டு என்றுதானே சொன்னேன்? எடுத்ததை உள்ளேயே ஒளித்து வைத்தால் அது திருட்டு இல்லையா? அந்தக் கண்ணாடிக்காரனைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. கிடைத்த ஸ்க்ரூவையும் என்னிடம் கொடுக்கவில்லை. காகித உறையில் போட்டுக் கட்டோடு கட்டிவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாமா என்று தமயந்தியிடம் கேட்டேன். அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

ஸ்க்ரூ கிடைத்த அன்றைக்கே அவள் சோர்ந்துதான் இருந்தாள். ஆணையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு பஸ். இரண்டிலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அலைச்சல், பாவம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"ஒண்ணு குறையுதுன்னு மெஷின் கருகறதுக்கு முன்னாலயே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா மெஷினை ஆன் பண்ணியே இருக்க மாட்டேனே. ஏழு மாசம்ப்பா."

"யாரு எடுத்தாங்கன்னு தெரியாம எப்படிச் சாமி சொல்றது?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள், தெரியவில்லை. அப்புறம் எழுந்து சமையலறைக்குப் போய் பணியாரச் சட்டியை எடுத்து அவள் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பணியாரம் இல்லை. எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

புது மெஷின் வந்த அன்றைக்கு என் முன்னால் உட்கார்ந்து, அடிப்பக்கம் ஒன்பது ஸ்க்ரூவின் தலையிலும் நெயில் பாலிஷ் வைத்தாள். இது என்னுடையதுப்பா, இதை எண்ண வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் கம்பெனியில் முடுக்கி முடித்த போல்டு தலையில் அப்படித்தான் பெயிண்ட் மார்க் வைப்போம். யாராவது கை வைத்தால் பெயிண்ட் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சின்ன வயதில் அவளுக்கு நான் சொன்னது. மறக்கவில்லை பாருங்கள்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள், மெஷின் வந்தது அதே கம்பெனியிலிருந்துதானே? அவர்களை எப்படி நம்புவது? ஒன்பது கண்ணுக்குத் தெரிகிறது, ரப்பருக்கு அடியில் இரண்டு இருக்கிறது என்று எந்த ஆதாரத்தில் நிம்மதியாக இருப்பது? அவளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்றுதான். இரண்டு மாதம் பொறுத்தேன். அறுபத்து மூன்று நாள். இன்றைக்கு அவள் பல்லடத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறாள், ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். இட்லித் தட்டு மூன்று இருக்கிறது, தட்டுக்கு நான்கு குழி. அதில் எண்ணினேன். பதினொன்று, சரி. மூடியைத் தூக்கவில்லை.

ஒன்பது தலையிலும் பாலிஷ் உதிர்ந்துவிட்டது. எட்டில் பொடிப்பொடியாக. ஒன்றில் மட்டும் பாதி நிற்கிறது. அந்தக் குப்பியை வீடு முழுக்கத் தேடினேன், பீரோவில் பணியாரச் சட்டியோடு இருக்கிறது போல. சரி, டவுன்ஹாலில் பேன்சி ஸ்டோர் இருக்கிறது, ஒரு குப்பி வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். அங்கே போய் நான் எப்படிக் கேட்பது, எந்தச் சிவப்பு என்று சொல்வது? ஏறும்போதே உங்கள் விரல் நகத்தைப் பார்த்தேன், இதே மாதிரி இருந்தது. அதனால்தான் இவ்வளவு தூரம் பேசினேன், இல்லாவிட்டால் நான் பேசுகிறவனே இல்லை.

இருங்கள், பாதி நிற்கிற அந்த ஒன்றைச் சட்டைப்பையில் காலண்டர் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். கையை இப்படி ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். இது அதே சிவப்பா, ஒரு பிடி கம்மியா? பேர் என்னவென்று இந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பார்த்து, பார்த்து, பஸ் நகர்கிறது, கீழே விட்டுவிடாதீர்கள். மெஷினில் பத்தை மாட்டி, ரப்பரை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மிச்சம் ஒன்று.